வாடகை வீட்டுக்கு டவுன் இன்ஸ்பெக்ஷன் வருது, பேஸ்மென்ட்ல ஆள் இருக்கு: நியூ ஜெர்சி ஓனர்கள் யாராவது சொல்லுங்க

#1 இரட்டைவீடு_ஓனர்

வணக்கம். சென்ட்ரல் ஜெர்சியில எனக்கு ஒரு டூ-ஃபேமிலி வீடு இருக்கு. 1926ல கட்டினது. நான் அங்க குடியில்லை, அரை மணி நேர டிரைவ்ல வேற டவுன்ல இருக்கேன். மேல் வீட்டுல பழைய டெனன்ட் தொடர்றாங்க. கீழ் வீடு காலியாகுது. புது ஆள் வர்றதுக்கு முன்னாடி ஆக்குபன்சி சர்டிஃபிகேட் (குடியிருக்கத் தகுதியான வீடுன்னு டவுன் தர்ற சான்று) எடுக்கணும்னு டவுன்ல அப்ளை பண்ணினேன், இன்ஸ்பெக்ஷன் தேதி வந்துடுச்சு. கூடவே "லெட் பெயிண்ட் சர்டிஃபிகேட்டை இணைக்கவும்"னு ஒரு வரி. லெட்னா ஈயம்.

பிரச்சினை பேஸ்மென்ட். நான் வாங்கும்போதே அங்க ஒரு ரூம், பாத்ரூம், ஓரமா ஒரு கேஸ் அடுப்பு எல்லாம் இருந்தது. பழைய ஓனர் காலத்துலேருந்தே ஒரு தம்பி அங்க தங்கியிருக்கார். வேர்ஹவுஸ்ல வேலை, மாசம் 900 டாலர் தர்றார், ஒரு தொந்தரவும் கிடையாது. லீஸ்னு எழுத்துல எதுவும் இல்லை.

என் ஃப்ரெண்ட் சொல்றான்: "இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு அவரை வெளிய அனுப்பிடு, கட்டிலைக் கழட்டி சாத்தி வை, ஸ்டோரேஜ்னு சொல்லிடு." இது நடக்குமா? இன்ஸ்பெக்டரைப் பேஸ்மென்ட்டுக்குள்ள விட மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா? லெட் விஷயம் நிஜமாவே கட்டாயமா, இல்ல சும்மா ஃபார்ம்ல இருக்கா?

#2 எடிசன்_மாமா

தம்பி, பயப்படாதீங்க. இந்த ஊர்ல பாதி பேஸ்மென்ட் இப்படித்தான் ஓடுது. கட்டிலைக் கழட்டுங்க, ரெண்டு சூட்கேஸ், ஒரு டிரெட்மில் போட்டு வைங்க. இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு. ஃபர்னஸைப் பார்ப்பார், ஸ்மோக் அலாரத்தை அமுக்கிப் பார்ப்பார், போயிடுவார். இருபது வருஷமா பார்க்கிறேன்.

#3 கோட்புக்_குமரன்

நான் ஜெர்சியிலேயே வேற ஒரு டவுன்ல ஹவுசிங் இன்ஸ்பெக்டர். ஓனர் சார் எந்த டவுன்னு சொல்ல வேண்டாம், நானும் என் டவுன் பேரைச் சொல்லப் போறதில்லை.

மாமா சொன்ன டிரெட்மில்லை நான் பல பேஸ்மென்ட்ல பார்த்திருக்கேன், அதனாலதான் எழுதுறேன். நாங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே வெளிய பாதி தெரிஞ்சிடும். டூ-ஃபேமிலி வீட்டுல மூணு காலிங் பெல். மெயில் பாக்ஸ்ல மூணாவதா ஒரு பேர், டேப் ஒட்டி பேனாவுல எழுதியிருக்கும். பக்கவாட்டுக் கதவுக்கு மட்டும் புதுப் பூட்டு. உள்ள இறங்கினா, கட்டில் இருக்காது, ஆனா தரையில கட்டில் கால் பதிஞ்ச நாலு பள்ளம் கார்ப்பெட்ல அப்படியே இருக்கும். ஒரு வீட்டுல "இங்க யாரும் தங்கறதில்லை"ன்னு ஓனர் சொல்லிட்டிருக்கும்போதே அலமாரிக்குள்ள ரைஸ் குக்கர் கீப் வார்ம்ல இருந்தது. மூடியைத் திறக்கவே வேண்டாம், சிவப்பு லைட் போதும். அடுப்புக்குப் பின்னாடி சுவர்ல கடுகு வெடிச்ச எண்ணெய்த் துளி. நம்ம வீட்டுல பிறந்து வளர்ந்த இன்ஸ்பெக்டருக்கு அது என்னன்னு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொய் சொல்லி மாட்டினா என்ன ஆகும்னா, அதுக்கப்புறம் உங்க மத்த எல்லாப் பேச்சும் எடுபடாது. அவகாசம் கேட்டா கிடைக்காது. நானே நாலு வாரம் கொடுக்க நினைச்ச இடத்துல பத்து நாள்தான் கொடுப்பேன். மனுஷ சுபாவம்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்தத் தம்பியோட உசுரு. பேஸ்மென்ட் படுக்கையறைக்கு ஏன் இவ்வளவு சத்தம் போடறோம்னு ஓனர்கள் கேட்கிறதுண்டு. தீ பிடிச்சா படிக்கட்டு வழிதான் புகை பரவும். ஆள் வெளியேற அந்த ஒரு படிக்கட்டுதான் இருக்கு. அதனாலதான் படுக்கையறையில தப்பிக்கிற ஜன்னல் கேட்கிறோம்: திறந்தா 5.7 சதுர அடி வழி இருக்கணும், உயரம் 24 அங்குலம், அகலம் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அடிவிளிம்பு தரையிலேருந்து 44 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. 1926 வீட்டு பேஸ்மென்ட்ல இருக்கிறது கூரையோரமா ஒரு சின்ன ஹாப்பர் ஜன்னல். அதுல பூனை போகும், வேர்ஹவுஸ்ல மூட்டை தூக்குற ஆள் போக முடியாது. அதே பேஸ்மென்ட்லதான் பாய்லரும் வாட்டர் ஹீட்டரும் இருக்கு, கார்பன் மோனாக்சைடு முதல்ல சேர்ற இடமும் அதுதான்.

இன்னொண்ணு. மூணு குடும்பம் தனித்தனியா சமைச்சு வாழுற கட்டடம்னா மாநிலச் சட்டத்துல அது மல்டிபிள் டுவெல்லிங். டி.சி.ஏ.ங்கிற மாநிலத் துறையில ரெஜிஸ்டர் பண்ணணும், அவங்க இன்ஸ்பெக்ஷன் வேற வரும். உங்க டூ-ஃபேமிலி வீட்டை மூணு-ஃபேமிலி ஆக்கினது அந்த ஒரு அடுப்புதான்.

#4 எடிசன்_மாமா

குமரன் தம்பி, நீங்க கவர்மென்ட் ஆள், அப்படித்தான் பேசுவீங்க. அரசியலமைப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு இல்ல? நாலாவது திருத்தம். வாரண்ட் இல்லாம என் வீட்டுக்குள்ள எவனும் வர முடியாது. ஓனர் தம்பி, கதவைத் திறக்காதீங்க, அவ்வளவுதான்.

#5 கோர்ட்வீதி_கல்யாணி

மாமா, நீங்க சொல்றதுல பாதி சரி. நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு ரியல் எஸ்டேட் வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது சட்ட உதவியாளராக இருக்கிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல.

வாரண்ட் விஷயத்துக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, காமரா எதிர் முனிசிபல் கோர்ட். 1963இல் சான் பிரான்சிஸ்கோவில் வழக்கமான ஆண்டு ஆய்வுக்கு வந்த ஹவுசிங் இன்ஸ்பெக்டரை ரோலண்ட் காமரா என்பவர் உள்ளே விடவில்லை. கட்டடத்தின் தரைத்தளத்தை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார், அதில் வசிக்கவும் செய்தார். அந்தத் தளத்தில் குடியிருக்க அனுமதி இல்லை என்பதுதான் நகரத்தின் புகார். மறுத்ததற்காகவே அவர் மேல் கிரிமினல் வழக்குப் போட்டார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று காமரா பக்கம் தீர்ப்புச் சொன்னது: சம்மதம் இல்லாவிட்டால், அவசர நிலை இல்லாவிட்டால், வீட்டு ஆய்வுக்கும் வாரண்ட் வேண்டும், வாரண்ட் கேட்டதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. 1959இல் பால்டிமோர் வழக்கொன்றில் தான் சொன்னதையே நீதிமன்றம் இதில் மாற்றிக்கொண்டது.

மாமா இதுவரைதான் படித்திருக்கிறார். அதே தீர்ப்பின் மறுபாதி இது: அந்த வாரண்ட் வாங்க, உங்கள் வீட்டில் குற்றம் நடக்கிறது என்று இன்ஸ்பெக்டர் காட்ட வேண்டியதில்லை. கட்டடத்தின் வயது, எந்த மாதிரிக் கட்டடம், அந்தப் பகுதியின் நிலை, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்ற அளவிலேயே நீதிபதி கையெழுத்துப் போடலாம். 1926 வீடு, வாடகை வீடு என்றால் அது ஒன்றும் பெரிய சவாலில்லை. ஓனர் நிலைமையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆக்குபன்சி சர்டிஃபிகேட் கேட்டு மனுப் போட்டவரே அவர்தான். கதவை மூடினால் டவுன் வாரண்டுக்குக்கூட அலைய வேண்டாம், சர்டிஃபிகேட்டைத் தராமல் இருந்தால் போதும். கீழ் வீடு காலியாகவே கிடக்கும்.

உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்லும் முதல் உரிமை அங்கே குடியிருப்பவருக்கு என்பதையும் மறக்க வேண்டாம். காமராவே வாடகைதாரர்தான்.

இப்போது பேஸ்மென்ட் தம்பி. "எழுத்தில் லீஸ் இல்லை, போகச் சொல்லிவிடலாம்" என்று நினைத்தால் தப்பு. மாதா மாதம் வாடகை வாங்குகிறீர்கள், ஆகவே அவர் டெனன்ட். சட்டவிரோத யூனிட் என்பதால் அவருக்குப் பாதுகாப்பு குறைந்துவிடாது. டவுன் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, யூனிட்டைச் சட்டப்படி ஆக்க வழியில்லை என்றால், அந்தக் காரணத்தைச் சொல்லி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, பிறகு கோர்ட் மூலம்தான் காலி செய்ய வைக்க முடியும். அதோடு சட்டவிரோதக் குடியிருப்பு என்று வெளியேற்றப்படும் டெனன்டுக்கு ஓனர் மாத வாடகையைப் போல ஆறு மடங்கு இடமாற்றச் செலவு தர வேண்டும், அவர் வெளியேறும் நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக. 900 டாலர் வாடகைக்கு 5,400 டாலர். "எனக்குத் தெரியாது, பழைய ஓனர் வைத்தது" என்ற பேச்சு இந்தக் கணக்கைக் குறைக்காது.

பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது, சாமானை வெளியே வைப்பது, எதையும் யோசிக்கவே வேண்டாம்.

#6 இரட்டைவீடு_ஓனர்

ஆறு மடங்கா! இது எனக்குப் புதுசு. வாங்கும்போது எங்க வழக்கறிஞரும் சொல்லல, ஏஜென்டும் சொல்லல. "ஃபினிஷ்டு பேஸ்மென்ட், எக்ஸ்ட்ரா இன்கம்"னு லிஸ்டிங்லேயே போட்டிருந்தது.

யூனிட்டைச் சட்டப்படி ஆக்க வழியே கிடையாதா? மூணு-ஃபேமிலின்னு மாத்திட்டா?

#7 கோட்புக்_குமரன்

மாத்தலாம், காகிதத்துல. உங்க தெரு ஜோன் ரெண்டு குடும்பத்துக்குத்தான்னா யூஸ் வேரியன்ஸ் (ஜோன் விதிக்கு விலக்கு) வேணும். ஜோனிங் போர்டு முன்னாடி நின்னு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, அஞ்சு பேர் ஆதரவு ஓட்டு வாங்கணும். சாதாரண மெஜாரிட்டி போதாது. பார்க்கிங் எங்கேன்னு கேட்பாங்க. கிடைச்சாலும் ஸ்பிரிங்க்ளர், தீத்தடுப்புச் சுவர், ஜன்னல் கிணறு (பேஸ்மென்ட் ஜன்னலுக்கு வெளிய தோண்டற பள்ளம்), சீலிங் உயரம்னு செலவு ஆரம்பிக்கும். 1926 பேஸ்மென்ட்ல சீலிங் உயரத்துலேயே பெரும்பாலான ஆள் தோத்துடுவாங்க, பைப் போற இடத்துல தலை இடிக்கும்.

நடக்கக்கூடிய வழி வேற. பேஸ்மென்ட்டைக் கீழ் வீட்டோட சேர்த்த ரிக்ரியேஷன் ரூமா ஆக்கறது. அடுப்பை எடுத்து, கேஸ் லைனை லைசென்ஸ் உள்ள பிளம்பரை வெச்சு அடைக்கணும். படுக்கை கிடையாது, பக்கவாட்டுக் கதவுல தனிப் பூட்டு கிடையாது. பாத்ரூம், வயரிங், சுவருக்கெல்லாம் பர்மிட் இருக்கான்னு முதல்ல பாருங்க. டவுன் கிளார்க்கிட்ட ஓப்ரா மனு (அரசுக் கோப்புகளைக் கேட்டு வாங்கற தகவல் உரிமை மனு) போட்டு உங்க பிளாக், லாட் நம்பருக்கான பர்மிட் ஃபைல் முழுசையும் கேளுங்க. ஏழு வேலை நாளுக்குள்ள பதில் வரணும். இதை வீடு வாங்குறதுக்கு முன்னாடியே எல்லாரும் பண்ணலாம், யாரும் பண்றதில்லை. ஃபைல்ல பர்மிட் இல்லைன்னா இப்ப புதுசா அப்ளை பண்ணி, சுவரை அங்கங்க திறந்து காட்டி, மூடணும்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடியே நீங்களா போய், "வாங்கும்போதே இப்படி இருந்தது, சரி பண்றேன், கால அவகாசம் வேணும்"னு எழுத்துல கொடுத்துடுங்க. ஃபோன்ல பேசினது எங்க ஆஃபீஸ்ல நடக்காததுக்குச் சமம். கெடு தேதி முடிஞ்சப்புறம் கேட்கிற அவகாசமும் அப்படித்தான்.

நோட்டீஸ் கன்ஸ்ட்ரக்ஷன் கோட் கீழ வந்திருந்தா, அது தப்புன்னு நீங்க நினைச்சா, கவுண்டி அப்பீல் போர்டுக்கு 15 நாள்ல போகணும். நிறைய பேர் அந்த 15 நாளை எனக்கு ஈமெயில் அனுப்பியே தீர்த்துடறாங்க. எனக்கு அனுப்பற ஈமெயில் அப்பீல் ஆகாது.

#8 மூணாம்மாடி_மீனா

நீங்க எல்லாரும் ஓனர் பக்கமே பேசறீங்க, நான் கொஞ்சம் அந்தப் பக்கத்துலேருந்து. நான் டெனன்ட்.

போன குளிர்காலத்துல எங்க வீட்டுல ஹீட் வரல. ஓனர் நம்ம ஆள்தான், தமிழ்தான், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்புவாங்க. "பாய்லர் ஆள் வர்றார், வர்றார்"னே சொன்னாங்க. அக்டோபர் 1லேருந்து மே 1 வரைக்கும் காலை 6 மணிலேருந்து ராத்திரி 11 வரைக்கும் 68 டிகிரி ஃபாரன்ஹீட், ராத்திரியில 65 இருக்கணும்னு மாநில விதி இருக்குன்னு ஆஃபீஸ்ல ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். தெர்மாமீட்டரை டைனிங் டேபிள்ல வெச்சு தினம் ஃபோட்டோ எடுத்தேன், 57, 58. டவுனுக்குக் கால் பண்ணேன். மறுநாளே இன்ஸ்பெக்டர், அதுக்கு அடுத்த நாளே பாய்லர் ஆள். அந்த "வர்றார் வர்றார்" ஆள்தான்!

அடுத்த மாசமே வாடகை ஏத்தி லெட்டர். "நம்ம ஆளுங்களுக்குள்ள பேசித் தீர்க்கறதை விட்டுட்டு கவர்மென்ட்கிட்ட போனீங்களே"ன்னு அந்த அம்மா ஃபோன்ல அழுதாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது, ஆனா என் பொண்ணு ஸ்வெட்டர் போட்டுட்டு ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்தா.

அதனால சொல்றேன், அந்த பேஸ்மென்ட் தம்பி "தொந்தரவே இல்லை"ன்னா அவருக்குக் குறையே இல்லைன்னு அர்த்தமில்லை. வேற போக இடமில்லாம வாயைத் திறக்காம இருக்கலாம்.

#9 கோர்ட்வீதி_கல்யாணி

மீனா, நல்ல நம்பிக்கையோடு அரசிடம் புகார் செய்த டெனன்டை அதற்காகவே வெளியேற்றுவதையோ விதிமுறைகளைப் பாதகமாக மாற்றுவதையோ நியூ ஜெர்சிச் சட்டம் தடுக்கிறது. புகாருக்குப் பின்னால் இப்படி நடந்தால் பழிவாங்கல் என்றே நீதிமன்றம் முதலில் கருதும், இல்லை என்று காட்ட வேண்டியது ஓனர். அந்த லெட்டரைப் பத்திரமாக வையுங்கள்.

ஓனருக்கு ஒரு கேள்வி: நீங்கள் குடியில்லாத டூ-ஃபேமிலி என்றால் லேண்ட்லார்ட் ரெஜிஸ்ட்ரேஷன் டவுன் கிளார்க்கிடம் இருக்கிறதா? அது இல்லாமல் எவிக்ஷன் வழக்குப் போட்டால், பதிவு செய்யும் வரை நீதிபதி தீர்ப்புத் தர மாட்டார். 2022 சட்டப்படி வாடகை வீட்டுக்கு 5 லட்சம் டாலர் லையபிலிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்து, அந்தச் சான்றையும் ஆண்டுதோறும் டவுனில் பதிய வேண்டும். ஓனரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, நாலு யூனிட்டுக்குள் இருந்தால் 3 லட்சம்.

#10 எடிசன்_மாமா

மீனா அம்மா, உங்க ஓனர் பண்ணது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா இன்னொரு கதையும் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சவர் வீட்டுல டெனன்ட் நாலு மாசம் வாடகை தரல. வழக்குப் போட்ட அடுத்த வாரம் டவுனுக்கு ஃபோன் போட்டு "சிங்க் ஒழுகுது, ஜன்னல் உடைஞ்சிருக்கு"ன்னு புகார். ஜன்னலை உடைச்சதே அவங்க பசங்க. ஃபைன் யார் பேர்ல வந்தது? ஓனர் பேர்லதான். டவுனுக்கு யார் உடைச்சாங்கன்னு கவலை கிடையாது. சொத்து வரியும் கட்டி, இதையும் கட்டணும்.

#11 கோட்புக்_குமரன்

மாமா சொல்றது நடக்கிறதுதான், மறுக்கல. நோட்டீஸ் ஓனர் பேர்லதான் எழுத முடியும், எங்க கையில இருக்கிற சட்டம் அப்படி. அதுக்காகத்தான் டெனன்ட் உள்ள வரும்போது அறை அறையா வீடியோ எடுத்து வைங்கன்னு தலையால அடிச்சுக்கறோம். கோர்ட்ல பேசற சாட்சி அதுதான்.

#12 பெயிண்டர்_பாலு

லெட் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். நான் ஆர்.ஆர்.பி. சர்டிஃபிகேட் (ஈய பெயிண்ட் இருக்கிற பழைய வீட்டுல வேலை செய்யறதுக்கான ஃபெடரல் சான்று) வெச்சிருக்கிற கான்ட்ராக்டர்.

ஓனர் பிரதர், சும்மா ஃபார்ம்ல இருக்கிற வரி இல்ல அது. 2021ல போட்ட சட்டம், 2022 ஜூலை 22லேருந்து அமல். 1978க்கு முன்னாடி கட்டின வாடகை வீடு, ஒத்தை வீடா இருந்தாலும் ரெண்டு வீடா இருந்தாலும் எல்லாத்துக்கும் உண்டு. முதல் இன்ஸ்பெக்ஷன் 2024 ஜூலை 22க்குள்ள, இல்லன்னா அதுக்கு முன்னாடி டெனன்ட் மாறினா அப்பவே முடிஞ்சிருக்கணும். அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, இல்ல டெனன்ட் மாறும்போது. லெட்-சேஃப் சர்டிஃபிகேட் ரெண்டு வருஷம் செல்லும், அதுக்குள்ள ஆள் மாறினா திரும்ப வேண்டாம். டவுன் நோட்டீஸ் கொடுத்து 30 நாள்ல சரி பண்ணலன்னா வாரத்துக்கு 1,000 டாலர் வரைக்கும் அபராதம்.

எப்படிப் பார்ப்பாங்கன்னு டவுனைப் பொறுத்து மாறும். 6 வயசும் அதுக்குக் குறைஞ்சும் உள்ள குழந்தைகள்ல ரத்தத்துல ஈயம் கூட இருக்கிற கணக்கு 3 சதவீதத்தைத் தொட்டா அந்த டவுன்ல டஸ்ட் வைப் (தூசியைத் துடைச்சு எடுத்து லேப்ல ஈயம் இருக்கான்னு பார்க்கிறது), இல்லன்னா கண்ணால பார்க்கிறது மட்டும். கண்ணால பார்க்கிற டவுன்னா சுவர் உரியாம இருந்தா தப்பிச்சிடலாம். டஸ்ட் வைப் டவுன்னா கதையே வேற.

பழைய டபுள்-ஹங் மர ஜன்னல் தெரியும்ல, கயிறு கட்டி மேலயும் கீழயும் இழுக்கிறது? பெயிண்ட் பார்க்க பளபளன்னு இருக்கும், மேல அஞ்சு கோட் அடிச்சிருப்பாங்க. ஆனா ஒவ்வொரு தடவை ஜன்னலை இழுக்கும்போதும் மரமும் மரமும் உரசி உள்ள இருக்கிற 1926 பெயிண்ட் பொடியா கீழ் பள்ளத்துல விழும். கையால தொட்டா சாம்பல் மாதிரி இருக்கும். தவழ்ற குழந்தை ஜன்னல் விளிம்பைப் பிடிச்சுத்தான் எழுந்து நிக்கும், அந்தக் கையைத்தான் வாயில வைக்கும். வைப் எடுக்கிறவங்க நேரா அந்தப் பள்ளத்துக்குத்தான் போவாங்க.

அதனால இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் தச்சரை வெச்சு ஜன்னலைத் தேய்ச்சு "அழகு பண்றது" மாதிரி முட்டாள்தனம் வேற இல்ல. தூசி வீடு பூரா பரவும், அதுக்கப்புறம் எந்த வைப்பும் பாஸ் ஆகாது. ஃபெடரல் விதிப்படியும் 1978க்கு முந்தின வாடகை வீட்டுல ஒரு ரூமுக்குள்ள 6 சதுர அடிக்கு மேல பெயிண்ட்டைக் கலைச்சா, இல்ல ஜன்னல் மாத்தினா சர்டிஃபிகேட் உள்ள ஆள்தான் செய்யணும், பிளாஸ்டிக் கட்டி, ஹெப்பா வாக்குவம் போட்டு. லீஸ் கையெழுத்துக்கு முன்னாடி லெட் டிஸ்க்ளோஷர் பேப்பரும், அந்த கவர்மென்ட் புத்தகமும் கொடுக்கணும். இது எல்லா மாநிலத்துக்கும்.

#13 ஸ்காபரோ_சின்னண்ணை

கனடாவிலயிருந்து ஒரு குறிப்பு. இஞ்ச ஸ்காபரோவிலயும் இதே பேஸ்மன்ட் கதைதான். ஒரு வீட்டில அறை அறையா வாடகைக்கு விடுறது முந்தி ஸ்காபரோவில அனுமதியே இல்லை, ஆனா கொலிஜுக்குக் கிட்ட உள்ள தெருவெல்லாம் அதுதான் நடந்தது. ஒளிச்சு நடந்தபடியா ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை, நெருப்புப் பிடிச்சாத்தான் வெளியில தெரியும். 2024 மார்ச் 31இல இருந்து டொரன்டோ முழுக்க லைசென்ஸ் எடுத்துச் செய்யலாம் எண்டு மாத்தினவங்கள். லைசென்ஸ் எடுக்கப் போனா செலவு கூட எண்டு எங்கட சனம் இப்பவும் முணுமுணுக்குது. எண்டாலும் சட்டத்துக்கு உள்ள வர ஒரு வாசல் இருக்கு. உங்கட மாநிலத்தில அந்த வாசலே ஜோனிங் போர்டில போய் முட்டி நிக்குது போல.

#14 கோர்ட்வீதி_கல்யாணி

உண்மைதான் அண்ணா. இடம் இல்லாத ஊரில் சட்டவிரோத யூனிட்டை மூடினால் அந்த ஆள் எங்கே போவார் என்ற கேள்விக்கு எங்கள் ஊர்ச் சட்டத்தில் இருக்கும் ஒரே பதில் அந்த ஆறு மடங்குதான்.

#15 இரட்டைவீடு_ஓனர்

அப்டேட். இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சது. குமரன் சொன்னபடி முன்னாடியே லெட்டர் கொடுத்துட்டேன். பேஸ்மென்ட் தம்பியையும் உட்கார வெச்சுப் பேசிட்டேன், ஒளிக்கல. இன்ஸ்பெக்டர் அம்மா அடுப்பைப் பார்த்தாங்க, ஜன்னலை அளந்தாங்க, அவரோட ரெண்டு நிமிஷம் பேசினாங்க. பேஸ்மென்ட்ல குடியிருக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் வந்திருக்கு, ஆனா கேஸ் லைன் அடைக்க முதல்ல ஒரு கெடு, மத்ததுக்குத் தனிக் கெடு.

மேல கீழ வீட்டு லிஸ்ட் இது, அர்த்தம் புரியாததைச் சொல்லுங்க: கீழ் வீட்டு முன்கதவுல உள்பக்கமும் சாவி போடற பூட்டு, மாத்தணும். சிங்க் பக்கத்து அவுட்லெட் ஜி.எஃப்.சி.ஐ. (ஷாக் அடிக்காம கரண்ட்டைத் துண்டிக்கிற வகை) இல்லை. பின்படிக்கட்டுல கைப்பிடி இல்லை. ஸ்மோக் அலாரம் "தவறான வகை"ன்னு எழுதியிருக்கு, ஆனா அமுக்கினா கத்துது! ஃபயர் எக்ஸ்டிங்விஷர் சிங்க்குக்குக் கீழ இருந்தது, அதுவும் ஃபெயில். வாட்டர் ஹீட்டர் "பர்மிட் இல்லை".

ஓப்ராவுல வந்த ஃபைல்ல பேஸ்மென்ட்டுக்கு ஒரு பர்மிட்கூட இல்லை. 1990களில் போட்ட கூரை பர்மிட் ஒண்ணு மட்டும் இருக்கு.

#16 கோட்புக்_குமரன்

நல்ல லிஸ்ட், பயப்பட ஒண்ணுமில்லை. பூட்டு ஏன்னா, ராத்திரி புகையில சாவியைத் தேட முடியாது, உள்பக்கம் கையால திருகற மாதிரி இருக்கணும். அலாரம் பேட்டரியில ஓடறதுன்னா 10 வருஷ சீல்டு பேட்டரி வகைதான், 2019 ஜனவரிலேருந்து அப்படி. உங்களோடது 9 வோல்ட் பேட்டரி கழட்டி மாட்டறதா இருக்கும், டெனன்ட் அதைக் கழட்டி டி.வி. ரிமோட் மாதிரி எங்கேயாவது போடறதுனாலதான் இந்த விதி. ஏற்கெனவே வீட்டு மின்சாரத்துல வயர் பண்ணின அலாரம் இருந்தா அதைப் பேட்டரிக்கு மாத்தக் கூடாது, அதே வகைதான் போடணும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைகள்லேருந்து 10 அடிக்குள்ள.

எக்ஸ்டிங்விஷர் சமையலறைலேருந்து 10 அடிக்குள்ள, கண்ணுல படற இடத்துல பிராக்கெட் போட்டு மாட்டியிருக்கணும், மேல்முனை தரையிலேருந்து 5 அடிக்கு மேல போகக் கூடாது. 2ஏ-10பி:சி ரேட்டிங், 10 பவுண்டுக்கு மேல கனமா வாங்காதீங்க. வாங்கின ரசீதை வெச்சுக்கோங்க.

வாட்டர் ஹீட்டர் மாத்தறதுக்குப் பர்மிட் வேணும், பிளம்பர் எடுத்திருக்கணும். அழுத்தம் வெளியேறற வால்வுலேருந்து வர்ற பைப் தரைக்குக் கிட்ட வந்து நிக்குதான்னு நீங்களே பாருங்க, பக்கெட்டைப் போட்டு அடைச்சு வைக்காதீங்க. கைப்பிடியும் ஜி.எஃப்.சி.ஐ.யும் ஒரு மத்தியான வேலை. ரீ-இன்ஸ்பெக்ஷனை எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிடுங்க. பாதி வேலையில கூப்பிட்டா திரும்பக் கட்டணம்.

#17 கோர்ட்வீதி_கல்யாணி

பேஸ்மென்ட் தம்பி தானாகவே போகச் சம்மதித்தால்கூடப் பேச்சை எழுத்தில் வையுங்கள்: எந்தத் தேதி, எவ்வளவு, எப்போது. "சொந்த விருப்பத்தில் போகிறேன், பணம் வேண்டாம்" என்று கையெழுத்து வாங்கப் பார்க்காதீர்கள், நோட்டீஸ் தேதி உங்களுக்கு எதிராகப் பேசும். செக்காகக் கொடுங்கள், ரொக்கம் வேண்டாம். அவர் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் அது தனிக் கணக்கு, 5,400இல் கழிக்காதீர்கள். உங்கள் வழக்கறிஞர் ஒருமுறை பார்த்த பிறகு கையெழுத்து.

#18 இரட்டைவீடு_ஓனர்

செக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பிஸ்கட்டவே டவுன்ல அவர் கூட வேலை பார்க்கிறவர் வீட்டுல ஒரு ரூம் இருக்காம், அது சட்டப்படி இருக்கான்னு நானே கேட்டேன், சிரிச்சார். மாசம் 900 வரும்னு கணக்குப் போட்டு வாங்கின வீடு, மார்ட்கேஜை இனிமே வேற மாதிரி பார்க்கணும். பாலு பிரதர், டஸ்ட் வைப்புக்கு முன்னாடி ஜன்னல் கொட்டேஷன் வேணும், டி.எம். பண்றேன்.

#19 எடிசன்_மாமா

குமரன் தம்பி, ஒரு சின்ன சந்தேகம், பொதுவாக் கேட்கிறேன். டூ-ஃபேமிலி இல்ல, ஒத்தை வீடு. பேஸ்மென்ட்ல சிங்க்கும் ஃப்ரிட்ஜும் மட்டும் இருக்கு, அடுப்பு கிடையாது, இண்டக்ஷன் தட்டு ஒண்ணு எப்பவாவது. பசங்க, அம்மா அப்பா ஊர்லேருந்து வந்தா தங்கறதுக்கு. இதுவும் தப்பா?

#20 கோட்புக்_குமரன்

சொந்தக்காரங்க வந்து தங்கறதை யாரும் வாடகைன்னு சொல்ல மாட்டாங்க மாமா. சிங்க்கும் ஃப்ரிட்ஜும் வெட் பார்னு பல டவுன்ல விடுவாங்க, சில டவுன்ல ரெண்டாவது கிச்சன்னு எடுத்துப்பாங்க, உங்க ஜோனிங் ஆஃபீசர்கிட்ட எழுத்துல கேட்டு பதிலை ஃபைல்ல போடுங்க. ஆனா ராத்திரி அங்க படுக்கிறாங்கன்னா அலாரம் ரெண்டும் போடுங்க, ஜன்னலை டேப் வெச்சு அளந்து பாருங்க. பத்தலைன்னா பெரியவங்களை மேல படுக்க வைங்க, நீங்க ஹால்ல படுங்க.